மகள் கட்டம் வரைந்தாள், நான் எக்ஸ் போட்டேன்: தொடக்கநிலை 6 கணக்கு

ஈசூன்வாசி | புதன், இரவு 11:10

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 (ஆறாம் வகுப்பு) படிக்கிறாள். நான் திருவாரூர்ப் பக்கம் தமிழ்வழியில் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக்கு 200-க்கு 187. பெருமைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு வாங்கியவன் நேற்று ராத்திரி ஒரு தொடக்கப்பள்ளிக் கணக்கில் அசடு வழிந்தேன், அதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு இதுதான்: அலியிடம் 170 வெள்ளி (டாலர்), பாலாவிடம் 50 வெள்ளி. இருவரும் ஒரே விலையுள்ள புத்தகத்தை ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். அதன்பின் அலியிடம் மீதமிருந்தது பாலாவிடம் மீதமிருந்ததைப்போல் 5 மடங்கு. புத்தகத்தின் விலை என்ன?

நான் விலையை எக்ஸ் என்று வைத்தேன். 170 − எக்ஸ் = 5 × (50 − எக்ஸ்). பிரித்தால் 4 எக்ஸ் = 80. எக்ஸ் = 20. மூன்று வரியில் முடிந்தது.

மகளின் தாளைப் பார்த்தால் ஸ்கேல் வைத்து நீளநீளமாகக் கட்டங்கள். பக்கத்தில் 170 − 50 = 120, 120 ÷ 4 = 30 என்று எழுதி, பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கணக்கில் 120-உம் இல்லை, 30-உம் இல்லை. தப்பு என்று முடிவுகட்டி, அவளுடைய அழிப்பானையே எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் மூன்று வரியை எழுதவைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்று பள்ளியில் ஆசிரியை கூப்பிட்டு, "இந்த வரியை நீயே விளக்கு" என்றிருக்கிறார். விளக்கத் தெரியவில்லை. வந்து அழுதாள்.

அந்த 120 எங்கிருந்து வந்தது? எக்ஸ் போட்டுச் செய்தால் தேர்வில் மதிப்பெண் குறைப்பார்களா?

தெம்பனிஸ் அம்மா | புதன், இரவு 11:32

அண்ணா, இன்னும் ஒரே வரி எழுதியிருந்தால் பிள்ளை முடித்திருப்பாள். 50 − 30 = 20. அதற்குள் நீங்கள் அழித்துவிட்டீர்கள்!

இருவரும் ஒரே தொகையைத்தான் செலவழித்தார்கள். அதனால் அலிக்கும் பாலாவுக்கும் இருந்த வித்தியாசம் கடைக்குப் போகும் முன்பும் 120, வந்த பின்பும் 120. வந்த பின்பு படம் இப்படி:

அலி [ ][ ][ ][ ][ ]
பாலா [ ]

அலியிடம் அதிகமாக இருக்கும் நான்கு கட்டம்தான் அந்த 120. ஒரு கட்டம் 30. அதுதான் பாலாவிடம் மீதி. முதலில் 50 இருந்தது, இப்போது 30, அப்படியானால் புத்தகம் 20.

என் பெரியவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். என் வீட்டில் அழவில்லை, புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். அதுவரைக்கும் உங்கள் வீடு பரவாயில்லை.

பழைய வாத்தியார் | வியாழன், காலை 6:05

ஈசூன் தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். எந்த முறையில் செய்தாலும் வழி சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. எக்ஸ் போட்டதற்காக யாரும் குறைக்க மாட்டார்கள். பிள்ளைக்குப் புரியாத எக்ஸ் என்றால்தான் வம்பு. நடுவில் ஒரு அடையாளக்குறி தவறினால் அதைக் கண்டுபிடிக்க அவளிடம் வேறு எதுவும் இருக்காது. கட்டம் வரைந்த பிள்ளை படத்தைத் திரும்பப் பார்ப்பாள்.

இந்தக் கட்டம் ஏதோ துணைப்பாட நிலையங்கள் கிளப்பிவிட்டது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சின் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கியது. வாய்ப்பாடு ஒப்பிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிதான். அதையே கதையாகச் சொல்லி, "கூட்டலா கழித்தலா" என்று கேட்டால் விழித்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கும் பொருளுக்கும் தாளில் எழுதும் குறிக்கும் நடுவே ஒரு படம் வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்னது. அந்தப் படம் நம் ஊரில் கட்டமாயிற்று.

வகுப்பில் நான் முதலில் கேட்பது, "இந்தக் கதையில் எது மாறவே இல்லை?" என்பதுதான். வயதுக் கணக்கில் வித்தியாசம் மாறாது. ஒருவன் மட்டும் செலவழித்தால் மற்றவனுடையது மாறாது. ஒருவன் மற்றவனுக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. இந்தக் கடைசி வகையில்தான் பிள்ளைகள் அதிகம் வழுக்குவார்கள். ஒன்று தருகிறேன்:

அலி, பாலா இருவரிடமும் உள்ள ஒட்டுவில்லைகளின் விகிதம் 3 : 2. அலி 12 வில்லைகளைப் பாலாவுக்குக் கொடுத்தான். இப்போது விகிதம் 3 : 7. மொத்தம் எத்தனை?

வகுப்பில் பாதிப் பேர், "சார், அலிக்கு முன்னாலும் 3, பின்னாலும் 3, அவனுடையது மாறவில்லை" என்பார்கள். 12 வில்லையைக் கொடுத்தவனுடையது எப்படி மாறாமல் இருக்கும்? முன்னால் மொத்தம் 5 பங்கு, பின்னால் 10 பங்கு. மொத்த வில்லைகள் அதே அளவுதான் என்பதால் 3 : 2-ஐ 6 : 4 என்று எழுதிக்கொள்ளுங்கள். அலி 6-இலிருந்து 3-க்கு வந்தான். 3 பங்கு 12, ஒரு பங்கு 4, மொத்தம் 40. சரிபார்க்க: 24-உம் 16-உம் இருந்தது, 12-உம் 28-உம் ஆயிற்று. 12-க்கும் 28-க்கும் விகிதம் 3 : 7.

கோப்பி ஓ | வியாழன், காலை 9:40

வாத்தியார் ஐயா, எல்லாம் சரி. அந்த நாணயக் கணக்கை என்ன சொல்கிறீர்கள்? 2021 பிஎஸ்எல்இ (தொடக்கநிலை 6 இறுதித் தேர்வு), ஹெலன், ஐவன். டாக்சியில் ஏறிய அம்மாமார் ஒரு வாரம் அதையே திட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இன்றுவரை புரியவில்லை. 50 காசு எத்தனை என்றே சொல்லாமல் எடையைக் கேட்டால் எப்படி?

தெம்பனிஸ் அம்மா | வியாழன், காலை 10:15

அந்த வருஷம் என் பெரியவன்தான் எழுதினான்! வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நாணயக் கணக்கை விட்டுட்டேன்" என்றான். அன்று சாயங்காலம் எங்கள் ப்ளாக்கின் கீழே நாலு அம்மாக்கள் கூடிப் பேசியதும் இதைத்தான்.

தெரியாதவர்களுக்காக: ஹெலனிடமும் ஐவனிடமும் இருந்த நாணயங்களின் எண்ணிக்கை சமம். ஹெலனிடம் சில 50 காசுகளும் 64 இருபது காசுகளும் இருந்தன. அவள் நாணயங்களின் எடை 1.134 கிலோ. ஐவனிடம் சில 50 காசுகளும் 104 இருபது காசுகளும். முதல் கேள்வி, யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு? இரண்டாவது, ஒரு 50 காசு ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால் ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

பழைய வாத்தியார் | வியாழன், மதியம் 1:20

எது மாறவில்லை? எண்ணிக்கை. ஐவனிடம் 20 காசு 40 அதிகம். எண்ணிக்கை சமம் என்பதால் 50 காசு 40 குறைவாக இருந்தே ஆகவேண்டும். மீதி நாணயங்கள் இருவரிடமும் ஒன்றுபோலத்தான், அவற்றைத் துணி போட்டு மூடிவிடுங்கள். ஹெலனின் பக்கம் 40 ஐம்பது காசு, ஐவனின் பக்கம் 40 இருபது காசு. இவ்வளவுதான் கணக்கு.

ஒரு நாணயத்துக்கு 30 காசு வித்தியாசம். 40 × 30 = 1200 காசு. ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையும் அப்படியே: 40 × 2.7 = 108 கிராம். 1134 − 108 = 1026. ஐவனுடையது 1.026 கிலோ.

50 காசு எத்தனை என்று தேடப்போன பிள்ளைகள்தான் அழுதார்கள். கேட்காததைக் கண்டுபிடிக்க நேரம் போய்விட்டது. டாக்சிக்காரத் தம்பியும் அதைத்தான் தேடியிருக்கிறார்.

மாவுத் தராசு | வியாழன், இரவு 9:55

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். கேட்காததைத் தேடக்கூடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார், ஆனாலும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அம்மாவின் உண்டியலைக் கவிழ்த்து, கேக்குக்கு மாவு அளக்கும் தராசை எடுத்தேன். புதிய வரிசை 50 காசு பத்து வைத்தேன், 66 கிராம். 20 காசு பத்து வைத்தேன், 38-க்கும் 39-க்கும் நடுவே ஆடி 39-இல் நின்றது. ஒன்று 6.6, இன்னொன்று 3.9. வித்தியாசம் சரியாக 2.7!

அப்புறம் கணக்குப் போட்டேன். ஹெலனின் 64 இருபது காசு: 64 × 3.9 = 249.6 கிராம். 1134-இல் அது போக 884.4. அதை 6.6-ஆல் வகுத்தால் சுளையாக 134. தசமமே வரவில்லை. ஆக ஹெலனிடம் 50 காசு 134, மொத்தம் 198 நாணயம், 79 வெள்ளி 80 காசு. ஐவனிடம் 94, மொத்தம் அதே 198, 67 வெள்ளி 80 காசு. வித்தியாசம் 12 வெள்ளி. எடையையும் போட்டுப் பார்த்தேன்: 620.4 + 405.6 = 1026.

கேள்வி எழுதியவர் உண்மையான நாணயங்களின் எடையை வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2013-இல் வந்த மூன்றாம் வரிசை நாணயங்களுக்கு அதிகாரபூர்வ எடை 6.56 கிராம், 3.85 கிராம். ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் என் தராசு சொன்னதேதான்.

உண்டியலில் காசு குறைகிறது என்று அம்மா சந்தேகப்படுகிறார். அது தனிக் கதை.

கோப்பி ஓ | வியாழன், இரவு 10:20

தம்பி, நீ பெரிய ஆளாக வருவாய். இனி உன்னிடம் சில்லறை வாங்கும்போது தராசோடுதான் வருவேன்.

அப்படியே அந்த ஷெரில் பிறந்தநாள் கணக்கையும் யாராவது சொல்லுங்கள், ஒருவனிடம் மாதத்தையும் மற்றவனிடம் தேதியையும் மட்டும் சொல்லித் தன் பிறந்தநாளைக் கண்டுபிடிக்கச் சொல்வாளே. அதுவும் தொடக்கநிலை 5 கணக்குதானே?

பழைய வாத்தியார் | வெள்ளி, காலை 6:10

இல்லை. 2015 ஏப்ரலில் அது உலகம் முழுவதும் சுற்றியபோது தொடக்கநிலை 5 என்று யாரோ சொல்லிவிட்டார்கள், எல்லாரும் பயந்தார்கள். அது உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டியில் வந்த கேள்வி. விடை ஜூலை 16. வழியை இங்கே எழுதினால் இழை நீண்டுவிடும், தனியாக ஒன்று திறங்கள்.

தூக்கமில்லா ஜேசி2 | வெள்ளி, காலை 6:48

அண்ணன்மாரே, அக்காமாரே, நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு, எச்2 கணிதம். புள்ளியியல் வீட்டுப்பாடம். நானும் தோழியும் ஒரே கணக்கைப் போட்டு எதிரெதிர் முடிவு சொல்கிறோம். இரண்டு பேருக்கும் கால்குலேட்டர் ஒன்றுதான்.

காயா ஜாம் பாட்டிலின் சராசரி எடை 500 கிராம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். எடை குறைகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்கிறார்கள். 50 பாட்டில்களை எடுத்து, ஒவ்வொன்றின் எடையிலிருந்தும் 500-ஐக் கழித்து எழுதியிருக்கிறார்கள். அந்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகை −90. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 2412. 5 விழுக்காட்டு நிலையில் புகாரைச் சோதிக்க வேண்டும்.

எனக்கு பி மதிப்பு 0.060, அது 0.05-ஐவிட அதிகம். அதனால் எச் நாட்டை (சராசரி 500-தான் என்ற கருதுகோளை) நிராகரிக்கவில்லை. அவளுக்கு 0.030, 0.05-க்குக் குறைவு என்று நிராகரித்துவிட்டாள். சரியாகப் பாதி! யார் சரி?

ஈசூன்வாசி | வெள்ளி, காலை 7:30

தங்கச்சி, நாங்கள் இதை இன்மை கருதுகோள் என்று படித்தோம். எச் நாட் என்று நீங்கள் சொன்னதும் ஏதோ கடையின் பெயர் என்று நினைத்தேன். விடையை வாத்தியார் சொல்லட்டும், நான் அழிப்பானைத் தொடமாட்டேன்.

பழைய வாத்தியார் | வெள்ளி, காலை 11:00

உன் தோழி சரி, அம்மா. ஆனால் உன் எண்களில் பிழை இல்லை. நீ வேறொரு கேள்விக்குச் சரியான விடை எழுதியிருக்கிறாய்.

முதலில் எண்களைப் போட்டுவிடுவோம். சராசரி வித்தியாசம் −90 ÷ 50 = −1.8. ஆக மாதிரிச் சராசரி 498.2 கிராம். பரவற்படிக்கு (எடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவுக்கு), 2412-இலிருந்து 90-இன் வர்க்கத்தை 50-ஆல் வகுத்த 162-ஐக் கழி. 2250. அதை 49-ஆல் வகு. 45.92. இங்கே இரண்டு குழி இருக்கிறது. ஒன்று, 50-ஆல் வகுப்பது. மாதிரியின் சராசரியையே வைத்து விலக்கங்களை எடுத்ததால், 49 விலக்கங்கள் தெரிந்தால் ஐம்பதாவது தானாகவே தெரிந்துவிடும். எல்லாம் கூட்டினால் பூஜ்ஜியம் வந்தாக வேண்டுமே. அதனால் 49. மற்றொன்று, எல்லா எடையிலிருந்தும் 500-ஐக் கழித்தார்களே, அதைப் பரவற்படியில் திரும்பச் சேர்க்க வேண்டுமா என்று சிலர் குழம்புவார்கள். வேண்டாம். எல்லாரும் ஒரே படி இறங்கினால் வரிசையின் நீளம் குறையுமா? சராசரி நகரும், பரவல் அப்படியே இருக்கும். அலி, பாலா புத்தகம் வாங்கிய கதைதான் இது. 120 மாறாததுபோல்.

அப்புறம் −1.8-ஐ, 45.92 ÷ 50-இன் வர்க்கமூலத்தால் வகு. இசட் ஏறக்குறைய −1.88. மணி வடிவ வளைவில் அதற்கு இடப்பக்கம் உள்ள வால்பகுதியின் பரப்பு 0.030. அதுதான் பி மதிப்பு. இருபக்கமும் எடுத்தால் அது இரட்டித்து 0.060.

எந்த வாலை எடுப்பது என்பதைத் தரவு சொல்லாது, கேள்வி சொல்லும். "எடை குறைகிறது" என்பது புகார். அதனால் ஒரு வால். "எடை மாறிவிட்டதா" என்று கேட்டிருந்தால் இரண்டு வால், உன் விடை சரி. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, எது வசதியோ அந்த வாலை எடுப்பது மட்டும் கூடாது.

இன்னொன்று. பாட்டிலின் எடை இயல்நிலைப் பரவல் என்று கேள்வியில் சொல்லவில்லை, கவனித்தாயா? 50 பெரிய எண்ணிக்கை என்பதால் மைய எல்லைத் தேற்றம் (மாதிரி பெரிதானால் அதன் சராசரி இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது) துணைக்கு வருகிறது. அதை ஒரு வரியில் எழுது. எழுதாமல் விட்டால் அங்கே ஒரு மதிப்பெண் போகக்கூடும்.

தூக்கமில்லா ஜேசி2 | வெள்ளி, மாலை 5:15

ஐயோ, "குறைகிறது" என்ற வார்த்தையைப் படித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. மிக்க நன்றி சார்.

கடைசி வரியில், "தயாரிப்பாளர் சொல்வது உண்மையாக இருக்க 3 விழுக்காடுதான் வாய்ப்பு" என்று முடிக்கலாமா?

மாவுத் தராசு | வெள்ளி, மாலை 6:02

அக்கா, கூடாது. நான் போன பருவத்தில் இதே வரியை எழுதிச் சிவப்பு மையில் வாங்கிக்கட்டிக்கொண்டேன். சராசரி உண்மையிலேயே 500-ஆக இருந்தால், இந்த அளவுக்கோ இதைவிட மோசமாகவோ குறைந்த மாதிரி கிடைக்க 3 விழுக்காடு வாய்ப்பு. அதாவது தயாரிப்பாளர் உண்மை சொல்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் அந்த 3-ஐயே கணக்கிட்டோம். அதை வைத்து அவர் உண்மை சொல்லும் வாய்ப்பு 3 என்று திருப்பக்கூடாது. மழை பெய்தால் குடை எடுக்கிறேன் என்பதும், குடை எடுத்தால் மழை பெய்கிறது என்பதும் ஒன்றா? நம் ஊரில் வெயிலுக்கும் குடை எடுக்கிறோமே.

"500 கிராமுக்குக் குறைவு என்று சொல்ல 5 விழுக்காட்டு நிலையில் போதிய சான்று உள்ளது" என்று எழுதுங்கள். சப்பென்று இருக்கும், ஆனால் மதிப்பெண் அதற்குத்தான்.

கோப்பி ஓ | வெள்ளி, இரவு 8:30

புள்ளியியல் வந்துவிட்டது, என் பங்குக்கு ஒன்று. 4டி-யில் (நான்கு இலக்க லாட்டரியில்) 10,000 எண், ஒவ்வொரு குலுக்கிலும் 23 பரிசு. முதல் மூன்று, அப்புறம் பத்து, அப்புறம் ஆறுதல் பரிசு பத்து. நான் எப்போதும் பழைய வண்டி நம்பரைத்தான் எடுப்பேன். புதன், சனி, ஞாயிறு, வருஷத்துக்கு 156 குலுக்கு. 0.23 விழுக்காட்டை 156-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 36 விழுக்காடு. மூன்று வருஷம் விடாமல் எடுத்தால் நூறைத் தாண்டுகிறது. ஆனால் ஆறு வருஷமாக எனக்கு ஒன்றுமே விழவில்லை. கணக்கில் தப்பா, குலுக்குபவர்களிடம் தப்பா?

பழைய வாத்தியார் | வெள்ளி, இரவு 9:15

கணக்கில். மூன்று வருஷத்தில் 108 விழுக்காடு வாய்ப்பு என்று உங்கள் பெருக்கல் சொல்கிறதே, அங்கேயே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டாமா?

"குறைந்தது ஒரு முறை" என்று கேட்டால் நேராகப் போகாதீர்கள், பின்பக்கமாக வாருங்கள். ஒரு முறைகூட விழாமல் இருக்க என்ன வாய்ப்பு? ஒரு குலுக்கில் விழாதிருக்க 0.9977. அதை 156 முறை தன்னோடு தானே பெருக்கினால் ஏறக்குறைய 0.70. ஆக வருஷத்தில் ஒரு பரிசாவது விழ ஏறக்குறைய 30 விழுக்காடு. ஆறு வருஷமும் ஒன்றும் விழாதிருக்க 0.70-ஐ ஆறு முறை பெருக்குங்கள். 0.12-க்குப் பக்கத்தில் வரும். உங்களைப்போல் விடாப்பிடியாக வாங்கும் எட்டுப் பேரில் ஒருவருக்கு இந்தக் கதி. நீங்கள் அந்த ஒருவர், அவ்வளவுதான். ஏழாவது வருஷம் கட்டாயம் விழும் என்றும் நினைக்காதீர்கள். குலுக்கும் பந்துகளுக்கு உங்கள் வண்டி நம்பர் ஞாபகம் இருக்காது.

இந்தப் பின்பக்க வழியில்தான் பிறந்தநாள் கணக்கும். இதிலும் அதே 23 வருகிறது, தற்செயல்தான். 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க 50.7 விழுக்காடு வாய்ப்பு. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் 89. நான் வகுப்பில் கேட்டுப் பார்க்கத் தவறியதில்லை. ஒரு வருஷம் இரட்டையர் இருந்தார்கள், அன்று என் பாடம் எடுபடவில்லை.

தெம்பனிஸ் அம்மா | சனி, காலை 10:40

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடத்துக்கு நான் ஒன்று தரட்டுமா? சின்னவனுக்கு விழுக்காடு புரியவைத்தது ஒரு சாப்பாட்டு ரசீதுதான். தேக்காவில் குடும்பமாகச் சாப்பிட்டோம், 80 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, பொருள் சேவை வரி 9 விழுக்காடு. "அம்மா, 19 விழுக்காடு, 95 வெள்ளி 20 காசு" என்று பெருமையாகச் சொன்னான். ரசீதில் 95.92. கடைக்காரரிடம் சண்டைக்கே போகப்பார்த்தான். வரி 80-க்கு இல்லை, சேவைக் கட்டணம் சேர்ந்த 88-க்கு என்று ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினேன். அந்த 72 காசு, 8 வெள்ளிக்கு 9 விழுக்காடு.

வீட்டுக்கு வரும்போது திருப்பிக் கேட்டேன்: வரியோடு சேர்த்து 54 வெள்ளி 50 காசு என்றால் வரிக்கு முன் என்ன விலை? 54.50-இலிருந்து 9 விழுக்காட்டைக் கழித்து 49.60 என்றான். ஈசூன் அண்ணா, உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். படம் வரைந்தால் 50 என்று சொல்லிவிடுவாள்.

ஈசூன்வாசி | சனி, இரவு 9:05

கேட்டேன். ஒரு நீளக் கட்டம் போட்டு அதை 100 என்றாள், ஓரத்தில் ஒட்டுமாதிரிச் சின்னதாக 9. "109 பங்கு 54.50, ஒரு பங்கு 50 காசு, அப்போ 50 வெள்ளி." நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புத்தகக் கணக்குக்கும் மன்னிப்புக் கேட்டேன். தெம்பனிஸ் அக்காவின் படத்தைக் காட்டி, "நீ போட்டதுதான் சரி, நான்தான் அழித்துவிட்டேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் 120 சரி. அப்பா, உங்க 80 எங்கே இருக்கு? காட்டுங்க" என்றாள்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை. 250 − 170 = 80 என்பது வரியில் இருக்கிறது, படத்தில் எங்கே இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் யோசித்தேன். வாத்தியார் ஐயா, காப்பாற்றுங்கள்.

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 6:20

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

பாலாவை ஐந்து பேராக்குங்கள். ஐந்து பாலாவும் 50 வெள்ளியோடு வரிசையில் நிற்கிறார்கள், மொத்தம் 250. ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் வாங்குகிறார்கள். பக்கத்தில் அலி, 170 வெள்ளியோடு, ஒரே புத்தகம் வாங்குகிறான். வாங்கிய பின் ஐந்து பாலாவிடமும் மீதியிருப்பதும் அலியிடம் மீதியிருப்பதும் சமம், "5 மடங்கு" என்றால் அதுதானே. ஆனால் தொடக்கத்தில் பாலாக்களிடம் 80 அதிகம் இருந்தது. அந்த 80 எங்கே போயிற்று? அலியைவிட அவர்கள் அதிகமாக வாங்கிய நான்கு புத்தகத்துக்கு. ஒரு புத்தகம் 20.

ஈசூன்வாசி | ஞாயிறு, மதியம் 12:30

ஐந்து பாலாவையும் வரைந்தேன். எனக்கு மனிதர்கள் வரைய வராது, ஐந்தும் தீக்குச்சிபோல் இருந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்து, நான்கு புத்தகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஓ, அப்போ எக்ஸ்னா அந்தப் புத்தகமா?" என்றாள்.

மூன்றாவது பாலாவின் கால் கோணலாக இருந்தது, திருத்தலாம் என்று அழிப்பானைத் தேடினேன். அவள் அதைப் பென்சில் பெட்டிக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.